செல்லுக்குள் ஓடும் படம்: உயிரியல், மருத்துவ அனிமேஷன் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பதினேழு ஆண்டுகளாக மேல்நிலை வகுப்புகளுக்கு உயிரியல் நடத்துகிறேன். அதில் பாதிக் காலம் கணினி அனிமேஷனோடு சேர்ந்தே போயிருக்கிறது. தேடி எடுத்தேன், வகுப்பில் காட்டினேன், தவறாகக் காட்டித் திருத்திக்கொண்டேன், பிறகு சிறியதாக நானே செய்யவும் பழகினேன். சக ஆசிரியர்களும் பெற்றோரும் இப்போது மருத்துவம் படிக்கும் என் பழைய மாணவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே ஓரிடத்தில் வைத்திருக்கிறேன்.

புத்தகத்திலேயே படம் இருக்கிறதே. அது அசைந்தே ஆகவேண்டுமா?

சில படங்கள் அசைந்தே ஆகவேண்டும். இதயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நிமிடத்துக்கு 75 முறை துடித்தால் ஒரு துடிப்புக்கு 0.8 நொடி. மேலறைகளான ஆரிக்கிள்கள் சுருங்க 0.1 நொடி, கீழறைகளான வெண்ட்ரிக்கிள்கள் சுருங்க 0.3 நொடி, மீதி 0.4 நொடி எல்லா அறைகளும் தளர்ந்திருக்கும். புத்தகத்தில் இது மூன்று நான்கு படங்களாக இருக்கும், பிள்ளைகள் மனப்பாடம் செய்து அழகாக எழுதிவிடுவார்கள். பிறகு, "பெருந்தமனி வாசலில் இருக்கிற வால்வைத் திறப்பது எது?" என்று கேட்டுப் பாருங்கள். "வெண்ட்ரிக்கிள் சுருங்கும்போது அதுவா திறந்துக்கும் மிஸ்" என்று பதில் வரும்.

அந்த வால்வில் தன்னைத் திறந்துகொள்ளும் தசை கிடையாது. அதன் இரண்டு பக்கமும் உள்ள அழுத்த வேறுபாடுதான் அதைத் தள்ளுகிறது. வெண்ட்ரிக்கிள் சுருங்கத் தொடங்கியதும் ஆரிக்கிள் பக்கத்து வால்வு மூடிக்கொள்கிறது, பெருந்தமனி வால்வோ இன்னும் திறக்கவில்லை. உள்ளே மாட்டிக்கொண்ட இரத்தத்தின் அழுத்தம் ஏறுகிறது. பெருந்தமனியில் ஏற்கெனவே சுமார் 80 மி.மீ. பாதரச அழுத்தம் இருக்கிறது. அதைத் தாண்டும் கணத்தில் வால்வு திறக்கிறது. இரண்டு வால்வும் மூடியபடி அழுத்தம் மட்டும் ஏறும் இந்த நேரம் சுமார் 0.05 நொடிதான். புத்தகப் படங்களில் இந்தக் கட்டம் பெரும்பாலும் விழுந்துவிடும். அனிமேஷனில் அதைப் பத்து நொடியாக இழுத்து, பக்கத்தில் அழுத்தமானியின் முள் ஏறுவதையும் காட்டலாம். ஒருமுறை அதைப் பார்த்த பிள்ளை "அதுவா திறந்துக்கும்" என்று பிறகு எழுதி நான் பார்த்ததில்லை.

அப்படியானால் எல்லாப் பாடத்தையும் வீடியோவாகக் காட்டிவிடலாமே?

வேண்டாம். 2005-ல் அமெரிக்கக் கல்வி உளவியலாளர் ரிச்சர்ட் மேயரும் உடன் ஆய்வாளர்களும் மின்னல் உண்டாவது, கழிப்பறைத் தொட்டி வேலை செய்வது, கடலலை, கார் பிரேக் என நான்கு பாடங்களை எடுத்து, ஒரு குழுவுக்குக் குரலோடு அனிமேஷனும் இன்னொரு குழுவுக்குக் குறிப்புகளோடு அச்சுப் படங்களும் கொடுத்தார்கள். அனிமேஷன் பார்த்தவர்கள் ஒரு சோதனையிலும் முந்தவில்லை, சிலவற்றில் அச்சுப் படம் பார்த்தவர்களே முந்தினார்கள். காகிதத்தில் இருக்கும் படம் காத்திருக்கும். இரண்டாம் படத்தையும் நான்காம் படத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்து, நடுவில் என்ன நடந்திருக்கும் என்று பிள்ளையே யோசிக்கும். ஓடும் படம் காத்திருக்காது.

மறுபக்கமும் உண்டு. 2007-ல் ஹோஃப்லர், லாய்ட்னர் என்ற இரு ஜெர்மன் ஆய்வாளர்கள் 26 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, மொத்தத்தில் அசையும் படங்களுக்கு நிலைப்படங்களைவிட மிதமான ஆதாயம் தெரிந்தது. அசைவே பாடமாக இருந்த இடங்களில் ஆதாயம் கூடுதல், அலங்காரத்துக்கு அசைந்த இடங்களில் குறைவு. கையால் செய்யும் வேலையைக் கற்பிக்கும்போது அது மிக அதிகம். ஊசி போடுவது, தையல் போடுவது, கட்டுப் போடுவது எல்லாம் அந்த வகைதான். செவிலியர் பயிற்சியில் இருப்பவர்கள் இதைக் குறித்துக்கொள்ளலாம்.

என் கணக்கு எளியது. பாடத்தில் காலமோ திசையோ ஒரு முக்கியப் பாத்திரமாக இருந்தால் அனிமேஷன்: இதயத் துடிப்பு, நரம்புத் தூண்டல், செல் பிரிதல், கரு வளர்ச்சி. எலும்புகளின் பெயர், இலையின் குறுக்குவெட்டு, செல்லின் பாகங்கள் என்றால் நல்ல கோட்டோவியமும் பென்சிலும் போதும்.

ஒரு புரதம் பெரிய பையைச் சுமந்துகொண்டு கயிற்றின் மேல் நடக்கும் வீடியோ பார்த்தேன். உண்மையில் அப்படித்தான் நடக்குமா?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி, அதனால் பதிலும் நீளம்.

நீங்கள் பார்த்தது பெரும்பாலும் 2006-ல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்துக்காக எக்ஸ்விவோ நிறுவனம் செய்த, செல்லின் உள்வாழ்க்கை பற்றிய படத்தின் காட்சியாக இருக்கும். நடப்பது கைனசின், கயிறு போலத் தெரிவது நுண்குழல், சுமை ஒரு சவ்வுப் பை. உலகெங்கும் உயிரியல் வகுப்புகளில் ஓடிய படம். நானும் ஆண்டுதோறும் காட்டுகிறேன்.

அதில் இருக்கும் உண்மை முதலில். கைனசினுக்கு இரண்டு 'கால்கள்' உண்டு. ஒன்றை மாற்றி ஒன்று வைத்தே போகிறது. ஓர் எட்டு, அதாவது ஒரு காலடி, 8 நானோமீட்டர், நுண்குழலை உருவாக்கும் டியூபுலின் இணையின் நீளமும் அதுதான். ஓர் எட்டுக்கு ஏ.டி.பி. எனும் எரிபொருள் மூலக்கூறு ஒன்று செலவு. இவை ஆய்வகத்தில் அளந்து கண்டவை.

இனி, படத்தில் இல்லாதது. படத்தில் அது நிதானமாக, யோசித்து யோசித்துக் காலெடுத்து வைக்கிறது. ஏ.டி.பி. தாராளமாகக் கிடைத்தால் உண்மையில் நொடிக்கு நூறு எட்டு வரை போகும். படத்தில் பின்கால் தூக்கி நேராக முன்னால் வைக்கப்படுகிறது. உண்மையில் ஏ.டி.பி. ஒட்டியதும் முன்கால் தன் கழுத்துப் பகுதியை முன்நோக்கி மடக்கும், அவ்வளவுதான். விடுபட்ட பின்கால், சுற்றியுள்ள நீர் மூலக்கூறுகளின் இடியில் காற்றில் பட்டம் போலத் தத்தளித்துத் தற்செயலாக அடுத்த இடத்தில் போய் ஒட்டுகிறது. முன்பக்கம் ஒட்டும் வாய்ப்பு அதிகம் என்பதால் மொத்தத்தில் முன்னேறுகிறது. சுமை அதிகமானால் பின்னாலும் எட்டு வைக்கும். நூறு எட்டு போல நடந்தபின் கழன்று விழுந்துவிடுவதும் வழக்கம்.

இன்னொன்று, அந்தப் படத்தில் தெரியும் வெட்டவெளி. செல்லுக்குள் அவ்வளவு காலி இடம் கிடையாது. கனஅளவில் ஏறத்தாழ 20 முதல் 30 விழுக்காடு வரை பெரிய மூலக்கூறுகளே அடைத்திருக்கும், இடுக்கெல்லாம் நீர். திருவிழாக் கூட்டத்தில் பெரிய பலூனைத் தூக்கிக்கொண்டு போகிறவரைத்தான் நினைத்துக்கொள்ள வேண்டும். படம் எடுத்தவர்களுக்கு இது தெரியும். கைனசின் தெரிய வேண்டும் என்பதற்காகக் கூட்டத்தை விலக்கினார்கள். 2014-ல் அவர்களே நெரிசலையும் நடுக்கத்தையும் காட்டும் இன்னொரு படம் செய்தார்கள். அதில் அதே கைனசின் உதறிக்கொண்டு, தடுமாறிக்கொண்டு போகும். இரண்டையும் அடுத்தடுத்துக் காட்டுங்கள்.

இதில் நான் இவ்வளவு பிடிவாதமாக இருக்கக் காரணம் ஒரு மாணவி. முதல் படத்தைப் பார்த்துவிட்டு, "அது எங்க போகணும்னு அதுக்கு எப்படி மிஸ் தெரியும்?" என்று கேட்டாள். வகுப்பே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் கேட்டது சரியான கேள்வி. படம்தான் அவளுக்குத் தவறான ஒன்றைச் சொல்லிக்கொடுத்திருந்தது: மூலக்கூறுகளுக்கு நோக்கம் இருக்கிறது, வேலை தெரிந்து செய்கின்றன என்று.

இது அவள் ஒருத்தியின் குழப்பம் மட்டும் இல்லை. கொலராடோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கேத்தி கார்வின்-டாக்சாஸும் மைக்கேல் கிளிம்கோவ்ஸ்கியும் 2008-ல் வெளியிட்ட ஆய்வு கல்லூரி மாணவர்களிடமும் இதையே கண்டது. தற்செயலான அசைவால் ஒழுங்கான விளைவு வரமுடியும் என்பதை நம்ப அவர்களுக்குக் கடினமாக இருந்தது. விரவல், அதாவது மூலக்கூறுகள் தாமாகப் பரவுவது, நடக்க ஒரு காரணமோ உந்துதலோ வேண்டும் என்றே நினைத்தார்கள். டி.என்.ஏ. நகலெடுத்தல், நொதி வேலை, மருந்து தன் ஏற்பியில் (செல்லில் அதைப் பிடித்துக்கொள்ளும் புரதம்) ஒட்டுவது, இயற்கைத் தேர்வு என எல்லாவற்றுக்கும் அடியில் இந்தத் தற்செயல்தான் இருக்கிறது. அதை மறைக்கும் அழகான படம் நிறையக் கெடுத்துவிடும்.

நெரிசலையெல்லாம் காட்டினால் பிள்ளைகள் குழம்ப மாட்டார்களா?

நானும் அப்படித்தான் பயந்தேன். ஜோடி ஜென்கின்சனும் கேயல் மெக்கிலும் 2012-ல் டொரன்டோ பல்கலைக்கழகத்தின் மிஸ்ஸிஸாகா வளாகத்தில் 131 மாணவர்களிடம் சோதித்தார்கள். ஒரே நிகழ்வு, அதாவது ஒரு மூலக்கூறு செல்லின் ஏற்பியில் வந்து ஒட்டுவது, எளிதிலிருந்து சிக்கலானது வரை நான்கு வடிவங்களில். மிகச் சிக்கலான படத்தைப் பார்த்தவர்களுக்கே புரிதல் கூடியது. எல்லாப் பாடத்துக்கும் இது பொருந்தும் என்று அவர்களும் சொல்லவில்லை. மூலக்கூறுகளின் அசைவே பாடமாக இருக்கும்போது, நெரிசலை நீக்கினால் பாடத்தையே நீக்கியதாகிவிடும் என்று நான் புரிந்துகொள்கிறேன்.

இதையெல்லாம் யாரும் கண்ணால் பார்த்ததில்லையே. எதை வைத்து வரைகிறார்கள்?

வடிவத்துக்கு நல்ல ஆதாரம் இருக்கிறது. எக்ஸ் கதிர் படிகவியல், மின்னணு நுண்ணோக்கி போன்ற வழிகளில் கண்டறிந்த அணு அணுவான அமைப்புகள் புரதத் தரவு வங்கியில் இருக்கின்றன. 1971-ல் ஏழே ஏழு அமைப்புகளோடு தொடங்கிய வங்கி அது. இன்று இரண்டு லட்சத்தைத் தாண்டிவிட்டது, யாரும் இலவசமாக எடுக்கலாம். நல்ல அனிமேஷன்காரர்கள் புரதத்தைக் கற்பனையில் வரைவதில்லை, அங்கிருந்து இறக்கிக்கொள்கிறார்கள்.

இங்கே நம் ஊர்ப் பெயர் ஒன்றைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. ஒரு புரதச் சங்கிலி எந்தெந்தக் கோணங்களில் திரும்ப முடியும், எந்தக் கோணத்தில் அணுக்கள் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும் என்பதை 1963-ல் ஒரு வரைபடத்தில் அடக்கியவர், சென்னைப் பல்கலைக்கழகத்தில் இருந்த ஜி. என். ராமச்சந்திரன். உடன் செய்தவர்கள் சி. ராமகிருஷ்ணனும் வி. சசிசேகரனும். ஒரு புரத அமைப்பு நம்பத்தக்கதா என்று பார்க்க இன்றைக்கும் உலகெங்கும் ராமச்சந்திரன் வரைபடத்தில் வைத்துத்தான் சோதிக்கிறார்கள். திரையில் புரதம் மடங்குவதைக் காட்டும்போதெல்லாம் இதைப் பிள்ளைகளிடம் சொல்கிறேன்.

அசைவுக்கு ஆதாரம் அவ்வளவு எளிதில் கிடைப்பதில்லை. சில இடங்களில் நேரடியாகவே பார்த்திருக்கிறார்கள். மைட்டோகாண்ட்ரியாவில் ஏ.டி.பி. தயாரிக்கும் நொதியின் நடுத்தண்டு சுழல்கிறது என்பது முதலில் கருதுகோளாகத்தான் இருந்தது. 1997-ல் ஜப்பானிய ஆய்வாளர்கள் அந்தத் தண்டின் நுனியில் ஒளிரும் ஆக்டின் இழை ஒன்றை ஒட்டவைத்து, அது காற்றாடி போலச் சுற்றுவதை நுண்ணோக்கியில் பார்த்துவிட்டார்கள். ஒரு சுற்றுக்கு மூன்று ஏ.டி.பி. அதே ஆண்டு இந்த நொதிக்காக பால் பாயருக்கும் ஜான் வாக்கருக்கும் வேதியியல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. ஆகவே அந்த நொதி சுழலும் காட்சியைத் தைரியமாகக் காட்டலாம்.

இரண்டு நிலைகள் மட்டும் தெரிந்து, நடுவில் நடப்பதை ஓவியர் ஊகித்து நிரப்பிய காட்சிகளும் நிறைய. மெல்போர்னில் வால்டர் அண்ட் எலிசா ஹால் ஆய்வு நிறுவனத்தில் 1995 முதல் இந்த வேலை செய்யும் ட்ரூ பெர்ரி, யூட்டா பல்கலைக்கழகத்தின் ஜேனட் இவாசா போன்றவர்கள் ஆய்வாளர்களோடு உட்கார்ந்து செய்கிறார்கள். அனிமேஷன் செய்யப் போகும்போதுதான் "இந்த நேரத்தில் இந்த மூலக்கூறு எந்தப் பக்கம் இருக்கும்?" போன்ற, ஆய்வுக் கட்டுரையில் தப்பித்துவிட்ட கேள்விகள் மாட்டிக்கொள்ளும்.

அந்த நிறங்கள்?

எல்லாம் பூசியவை. நம் கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளம் 400 நானோமீட்டருக்கு மேல், பெரும்பாலான புரதங்களின் அளவு 10 நானோமீட்டருக்குள். அந்த அளவில் நிறம் என்பதற்கே பொருளில்லை. பிள்ளைகளிடம் ஒரு வரி சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் "ஏ.டி.பி. மஞ்சள் நிறம்" என்று விடைத்தாளில் எழுதுவார்கள். எழுதியிருக்கிறார்கள்.

ஒரு வீடியோ சரியானதா என்று நான் எப்படிப் பார்ப்பது? நான் ஆய்வாளர் இல்லையே.

சில சுலபமான சோதனைகள் உண்டு. முதலில் டி.என்.ஏ. சுருளைப் பாருங்கள். அது வலப்பக்கச் சுருள். நிமிர்த்தி வைத்தால், நமக்கு முன்பக்கமாகத் தெரியும் இழை இடது கீழிலிருந்து வலது மேலாக ஏற வேண்டும். சந்தேகம் வந்தால் கடையில் வாங்கும் சாதாரணத் திருகாணி ஒன்றை நிமிர்த்திப் பிடித்துப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். அதன் மரையும் அப்படித்தான் ஏறும். தலைகீழாகப் பிடித்தாலும் மாறாது. விளம்பரங்களிலும் அட்டைப் படங்களிலும் இடப்பக்கச் சுருள் ஏராளம். நம் செல்லில் இருக்கும் வழக்கமான டி.என்.ஏ. அது இல்லை. சுருளையே தவறாக வரைந்தவர் மற்றதை எவ்வளவு கவனித்திருப்பார் என்று எனக்குச் சந்தேகம் வந்துவிடும்.

அடுத்து நுரையீரல் தமனி. அது இதயத்திலிருந்து ஆக்சிஜன் குறைந்த இரத்தத்தைக் கொண்டுபோகிறது, ஆகவே வழக்கப்படி நீலம். எங்கள் பள்ளிக்கு ஒருமுறை விலை கொடுத்து வாங்கிய பாடத் தொகுப்பில் எல்லாத் தமனியும் சிவப்பு, எல்லாச் சிரையும் நீலம் என்று ஒரே பூச்சாகப் பூசியிருந்தார்கள். நான் கவனிக்காமல் இரண்டு பிரிவுக்குக் காட்டிவிட்டேன். மூன்றாவது பிரிவில் ஒரு பையன் எழுந்து, "மிஸ், நுரையீரலுக்குப் போறதுக்கு முன்னாடியே சிவப்பாயிடுச்சு" என்றான். மறுநாள் முதல் இரண்டு பிரிவுக்கும் போய்த் திருத்திச் சொன்னேன். அன்றிலிருந்து முழுதாக ஒருமுறை, அதுவும் ஒலியை நிறுத்திவிட்டுப் பார்க்காமல் எதையும் வகுப்புக்குக் கொண்டுபோவதில்லை. குரல் ஓடும்போது கண் படத்தின் தவறை மன்னித்துவிடுகிறது.

வகுப்பில் எப்படிக் காட்டினால் பலன்?

விளக்கை அணைத்துவிட்டுப் பத்து நிமிடப் படத்தை ஓடவிட்டால் பாதிப் பேருக்குத் தூக்கம் வரும், மீதிப் பேருக்குப் புரிந்துவிட்டது என்ற நினைப்பு வரும். இரண்டாவதுதான் ஆபத்து.

நான் செய்வது இது. ஒன்றரை நிமிடத்துக்கு மேல் ஓடவிடமாட்டேன். முக்கியமான கணத்துக்கு ஒரு நொடி முன்னால் நிறுத்துவேன். நரம்புத் தூண்டல் என்றால், சோடியம் வாயில்கள் திறக்கும் தருணத்தில். "இப்போ சோடியம் எந்தப் பக்கம் போகும்? கையைக் காட்டுங்க." உள்ளே என்பவர்கள் இடது கை, வெளியே என்பவர்கள் வலது கை. எல்லாரும் ஏதாவது ஒரு கையைத் தூக்க வேண்டும், சும்மா இருக்கக் கூடாது. பிறகு பக்கத்தில் இருப்பவரிடம் காரணம் சொல்ல அரை நிமிடம். அதற்கப்புறம்தான் ஓடவிடுவேன். தான் சொன்னது நடக்கிறதா என்று பார்க்கக் காத்திருக்கும் வகுப்பின் அமைதி வேறு மாதிரி இருக்கும்.

படம் முடிந்ததும் திரையை அணைத்துவிட்டு, நோட்டில் மூன்று கட்டம் போட்டு, பார்த்ததைப் பார்க்காமல் வரையச் சொல்வேன். வரையத் தெரியவில்லையே என்று தயங்கும் பிள்ளைக்கு வட்டமும் அம்பும் போதும். வரைந்த பிறகு மீண்டும் ஒருமுறை படம். இரண்டாம் முறைதான் உண்மையில் பார்க்கிறார்கள். தன் படத்தில் எது விட்டுப்போனது என்று தேடுகிறார்கள்.

பின்னணி இசை, திரையில் ஓடும் எழுத்து?

இசையை அணைத்துவிடுங்கள். குரல் சொல்வதையே திரையில் வரிக்கு வரி எழுதியும் காட்டினால், கண் எழுத்தைப் படிக்கப் போய்விடும், படம் வீணாகும். பெயர்ச்சொற்கள் மட்டும் உரிய இடத்தில் தெரிந்தால் போதும். காது கேளாத பிள்ளைகள் வகுப்பில் இருந்தால் எழுத்து கட்டாயம் வேண்டும். அப்போது வேகத்தைக் குறைத்து, நிறுத்தி நிறுத்திக் காட்டுங்கள்.

தமிழ்வழிப் பிள்ளைகளுக்கு என்ன செய்வது? நல்லவை எல்லாம் ஆங்கிலத்தில்தான் இருக்கின்றன.

தமிழ்நாட்டில் 2018 முதல் வந்த புதிய பாடநூல்களில் பாடத்துக்குப் பக்கத்திலேயே க்யூ.ஆர். குறியீடு இருக்கிறது, அங்கே தொடங்கலாம். மற்றபடி என் வழி, ஒலியை அணைத்துவிட்டு நானே பேசுவது. அது குறை என்று முதலில் நினைத்தேன். இப்போது ஆங்கிலவழி வகுப்பிலும் அப்படித்தான் செய்கிறேன். பதிவான குரல் எல்லாருக்கும் ஒரே வேகத்தில் ஓடும். நான் பேசினால், கடைசிப் பெஞ்சில் ஒரு முகம் சுருங்கும்போது நிறுத்தி, "தண்ணித் தொட்டியோட ஃப்ளோட் வால்வு பார்த்திருக்கியா?" என்று கேட்க முடிகிறது.

கலைச்சொற்களில் பிடிவாதம் வேண்டாம் என்பது என் கருத்து. 'நுண்குழல்' என்றும் 'மைக்ரோடியூபூல்' என்றும் இரண்டையும் சொல்லுங்கள். ஒன்று புரிய, ஒன்று நாளைக்குக் கல்லூரியில் காதில் விழும்போது அடையாளம் காண.

நானே செய்ய முடியுமா? கணினி தெரியாது.

கணினி இல்லாமலே தொடங்கலாம். செல் பிரிதலுக்கு எங்கள் வகுப்பில் தேவைப்பட்டவை கம்பளி நூல், ஸ்டிக்கர் பொட்டு, ஒரு சார்ட், ஒரு கைபேசி. ஒரே நீளமுள்ள இரண்டு நூல் துண்டுகளை நடுவில் ஒரு பொட்டால் ஒட்டினால் ஒரு குரோமோசோம். கைபேசியைப் பெஞ்சின் மேல் அசையாமல் கட்டிவைத்து, நூலைக் கொஞ்சம் நகர்த்து, படமெடு, மறுபடி நகர்த்து, படமெடு. நொடிக்கு 8 படம் வீதம் 30 நொடிக்கு 240 படங்கள், இரண்டு பீரியட் வேலை. படங்களைக் கோத்து ஓடவிடும் செயலிகள் இலவசமாகவே கிடைக்கும்.

மைட்டாசிஸ், அதாவது சாதாரணச் செல் பிரிதல், செய்யும்போது ஒருத்தி கத்தரிக்கோலோடு நின்றுகொண்டு கேட்டாள்: "பொட்டை எப்போ வெட்டணும் மிஸ்?" அனாஃபேஸ் (இரு பாதிகளும் பிரிந்து விலகும் கட்டம்) தொடக்கத்தில் என்று பக்கத்தில் இருந்தவளே சொன்னாள். அடுத்த வாரம் மியாசிஸ், அதாவது இனச்செல்கள் உண்டாகும் பிரிதல், செய்தபோது முதல் பிரிதலிலும் கத்தரிக்கோலை எடுத்தார்கள். வெட்டிய பிறகு நூல்களை எண்ணிப் பார்த்தால் கணக்கு உதைத்தது. முதல் பிரிதலில் பொட்டு வெட்டப்படாது, ஜோடிக் குரோமோசோம்கள்தான் ஆளுக்கொரு பக்கம் போகும், பொட்டு இரண்டாம் பிரிதலில்தான் பிளக்கும் என்று அவர்களே கண்டுபிடித்து, 60 படங்களை அழித்துவிட்டு மறுபடி எடுத்தார்கள். பல ஆண்டுகள் கரும்பலகையில் நான் சொல்லிச் சொல்லிப் புரியாத இடம் அது.

கணினியில் செய்ய ஆசை வந்தால் பிளெண்டர் என்ற இலவச மென்பொருள் போதும். அதோடு சேரும் மாலிகுலர் நோட்ஸ் என்ற இணைப்பில் புரத வங்கியின் நான்கு எழுத்துக் குறியீட்டைத் தட்டினால் அந்தப் புரதம் நேரே திரைக்கு வந்துவிடும். 4HHB என்றால் மனித ஹீமோகுளோபின், 1BNA என்றால் டி.என்.ஏ. துண்டு. பொறுமைதான் வேண்டும். நொடிக்கு 24 சட்டகம் என்றால் ஒரு நிமிடத்துக்கு 1,440 சட்டகங்கள். என் பழைய கணினி ஒரு சட்டகத்துக்கு இரண்டு நிமிடம் எடுத்துக்கொண்டது, ஆக ஒரு நிமிடப் படத்துக்கு இரண்டு பகல் இரண்டு இரவு. முதல் முயற்சிக்குப் பத்து நொடி போதும்.

மருத்துவக் கல்லூரியில் இனி உடல் அறுத்துப் படிக்கத் தேவையில்லை என்கிறார்களே?

நான் மருத்துவர் இல்லை. என் அண்ணன் மகள் எம்.பி.பி.எஸ். முதலாண்டு படித்தபோது உடன் உட்கார்ந்து பார்த்ததை வைத்துச் சொல்கிறேன். அமெரிக்க தேசிய மருத்துவ நூலகம் 1994-ல் ஓர் ஆணுடலை 1 மில்லிமீட்டர் இடைவெளியில் 1,871 குறுக்குவெட்டுகளாகவும், 1995-ல் ஒரு பெண்ணுடலை அதைவிட நெருக்கமாக 0.33 மில்லிமீட்டர் இடைவெளியிலும் படமெடுத்து வெளியிட்டது. பல முப்பரிமாண உடற்கூறு மாதிரிகளுக்கு அதுவே மூலம். உறுப்புகள் ஒன்றன்பின் ஒன்றாக எப்படி அடுக்கியிருக்கின்றன என்று புரிய அவை மிக நல்லவை. ஆனால் அவளே சொன்னாள்: "திரையில நரம்பு மஞ்சளா தெரியும் அத்தை, உள்ள எல்லாமே ஒரே நிறம். தொட்டு உருட்டிப் பார்த்தாதான் எது நரம்பு எது இரத்தக்குழாய்னு தெரியும்." ஆளுக்கு ஆள் மாறும் கிளைகளையும் ஒரே மாதிரி உடல் காட்டாது.

அனிமேஷன் இல்லாமல் முடியாத இடம் கருவியல். கருவின் நடுக்குடல் 6-வது வாரத்தில் வயிற்றில் இடம் போதாமல் தொப்புள்கொடிக்குள் பிதுங்கிப்போய், 10-வது வாரத்தில் திரும்பி வருகிறது. போகும்போது 90 பாகை, வரும்போது 180 பாகை, முன்னிருந்து பார்த்தால் இடஞ்சுழியாக மொத்தம் 270 பாகை சுற்றுகிறது. புத்தகத்தில் அதை மூன்று நாள் படித்தும் அவளுக்குப் பிடிபடவில்லை. ஒரு நிமிட அனிமேஷனைப் பார்த்துவிட்டு, துப்பட்டாவை வளையமாக்கி, என் விரலைக் குடலுக்கு இரத்தம் தரும் மேல் மெசென்டரிக் தமனியாக வைத்து அவளே சுற்றிக் காட்டினாள். பெருங்குடல் ஏன் முன்சிறுகுடலுக்கு முன்னால் வந்து விழுகிறது என்பது அப்போது எனக்கும் புரிந்தது. இந்தச் சுற்று சரியாக நடக்காத குழந்தைக்குக் குடல் முறுக்கிக்கொள்ளலாம். பிறந்த சில நாளில் பச்சையாக வாந்தி எடுத்தால் மருத்துவர்கள் ஓடுவது அதனால்தான்.

மருத்துவமனைகளில் நோயாளிக்குக் காட்டும் அனிமேஷன் நல்லதுதானே?

நல்லதுதான், எதை விட்டுவிட்டார்கள் என்று பார்க்க வேண்டும். என் அப்பாவுக்கு இதயத் தமனியில் ஸ்டென்ட் வைத்தபோது அந்த மருத்துவமனையில் ஒரு நிமிடப் படம் காட்டினார்கள். மஞ்சளாகக் கொழுப்பு, உள்ளே ஒரு பலூன், பூப்போல விரியும் வலை, சரசரவென்று ஓடும் இரத்தம், முடிந்தது. அப்பா பயம் தெளிந்து உள்ளே போனார். அதற்கு இன்றும் நன்றியோடு இருக்கிறேன்.

ஆனால் வீட்டுக்கு வந்து பார்க்க வந்தவர்களிடமெல்லாம், "அடைப்பை எடுத்துட்டாங்க" என்றார். அடைப்பை யாரும் எடுக்கவில்லை. சுவரோடு நசுக்கி ஒதுக்கியிருக்கிறார்கள், அது மறுபடி சரியாமல் வலை தாங்கிக்கொண்டிருக்கிறது. நான்காம் மாதம் மாத்திரை அட்டையை எண்ணிப் பார்த்தபோதுதான், இரத்தம் உறையாமல் இருக்கத் தரும் இரண்டு மாத்திரைகளில் ஒன்றை அவராகவே நிறுத்தியிருந்தது தெரிந்தது. "குழாய்தான் சரியாயிடுச்சேம்மா." அந்த வலை உடலுக்கு அந்நியம், அதன் மேல் புதுத்தோல் போல உட்படலம் வளர்ந்து மூட மாதக் கணக்காகும், அதுவரை மாத்திரையை நிறுத்தினால் வலைக்குள்ளேயே இரத்தம் உறைந்து மாரடைப்பு வரலாம். அன்றே மருத்துவரிடம் பேசி மறுபடி ஆரம்பித்தோம், ஒன்றும் ஆகவில்லை.

அந்தப் படத்தில் இன்னும் இருபது நொடி சேர்த்து, வலைக்குள் உறைகட்டி உண்டாவதையும் மாத்திரை அதைத் தடுப்பதையும் காட்டியிருக்கலாம். உங்கள் வீட்டில் யாருக்காவது இப்படிப் படம் காட்டினால், முடிந்ததும் மருத்துவரிடம் இரண்டு கேளுங்கள்: "இதில் தப்பாகப் போக வாய்ப்புள்ளது எது? வீட்டுக்குப் போன பிறகு இந்த இடத்தில் என்ன நடக்கும்?"

செயற்கை நுண்ணறிவிடம் கேட்டால் வீடியோ செய்து தந்துவிடுகிறதே?

தருகிறது. படங்கள் எப்படித் தோன்றும் என்பதைக் கற்றுக்கொண்டு அப்படித் தோன்றும் ஒன்றைத் தருகிறது. புரத வங்கியின் அமைப்பையோ அழுத்தக் கணக்கையோ வைத்துச் செய்தது என்று நினைத்துவிட வேண்டாம். எனக்குக் கிடைத்த ஒரு துடிக்கும் இதயத்தில் நான்கு வால்வுகளும் ஒன்றாகத் திறந்து ஒன்றாக மூடின. பார்க்க மிக அழகு. நான் அதைப் பிழை கண்டுபிடிக்கும் பயிற்சிக்கு மட்டும் வைத்திருக்கிறேன்.

பிள்ளைக்குப் புரிந்ததா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

"புரிஞ்சுதா?" என்று கேட்காதீர்கள், எல்லாரும் தலையாட்டுவார்கள். படத்தில் காட்டாத ஒரு சட்டகத்தை வரையச் சொல்லுங்கள். கைனசின் ஒரு காலைத் தூக்கிய கணத்துக்கும் வைத்த கணத்துக்கும் நடுவில் எப்படி இருக்கும்? வால்வு திறப்பதற்கு ஒரு நொடியில் நூறில் ஒரு பங்கு முன்னால் வெண்ட்ரிக்கிள் எப்படி இருக்கும்?

அன்று "அதுக்கு எப்படித் தெரியும்" என்று கேட்ட மாணவிக்கு, இரண்டாவது படத்தையும் காட்டிவிட்டு இதைத்தான் கொடுத்தேன். அவள் தூக்கிய காலை ஒரே இடத்தில் வரையவில்லை. ஏழெட்டு இடங்களில் மெல்லிய புள்ளிக்கோடாகப் போட்டிருந்தாள், பின்னால்கூட ஒன்று. சுற்றிலும் எல்லாத் திசையிலிருந்தும் சின்னச் சின்ன அம்புகள் வந்து அதை இடித்தன. கீழே எழுதியிருந்தாள்: "அதற்குத் தெரியாது. தண்ணீர் தள்ளுகிறது."